ரத்தத்தில் கலக்காத கிருமி ஒரே ராத்திரியில் ஆளைக் கொல்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். சிவகங்கைப் பக்கம் உங்கள் அப்பத்தா சிறுமியாக இருந்தபோது வாந்திபேதி வந்து, ஒரே தெருவில் பல பேர் ராத்திரியோடு ராத்திரியாகச் செத்துப்போனார்களாம். காலராக் கிருமி குடலைத் தாண்டி ரத்தத்தில் கலப்பதே இல்லை என்று இப்போது எங்கோ படித்திருக்கிறீர்கள். அப்படியானால் அத்தனை சாவு எங்கிருந்து வந்தது, வெறும் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் அதை எப்படித் தடுக்கும், நாளைக்கு வீட்டில் யாருக்காவது வந்தால் அந்தத் தண்ணீரை நம்பலாமா? மூன்று கேள்விகள்போல இருந்தாலும் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக விளங்கிவிடும். நான் நுண்ணுயிரியல் படித்துவிட்டு, அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் 26 வருடம் வேலை பார்த்தவள். கிருமியைப் பற்றிச் சொல்வது என் கண்ணால் பார்த்தது. ஆனால் வார்டில் நின்று சிகிச்சை எழுதும் மருத்துவர் நான் இல்லை. அதனால் சிகிச்சை என்று வரும் இடத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறைகளில் உள்ளதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் நம் குடலின் அன்றாட வரவு செலவைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு நாம் குடிப்பதும் சாப்பாட்டோடு உள்ளே போவதும் சேர்ந்து ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர். ஆனால் குடலுக்குள் இறங்குவது அது மட்டும் இல்லை. எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் தானே சுரப்பது என்று உடம்பு தன் கையிலிருந்து இன்னும் 7 லிட்டர் ஊற்றுகிறது. ஆக மொத்தம் 9 லிட்டர். அதில் மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். மீதி அத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு பக்கம் இறைத்துக்கொண்டும் மறுபக்கம் உறிஞ்சிக்கொண்டும் இருக்கிற இடம் அது. நாம் அதை உணர்வதே இல்லை, ஏனென்றால் கணக்கு தினமும் நேராகிவிடுகிறது. காலரா கைவைப்பது இந்தக் கணக்கில்தான்.

விப்ரியோ காலரே என்ற அந்தக் கிருமி, வால் போன்ற ஒற்றை இழையைச் சுழற்றிச் சிறுகுடலின் சளிப்படலத்துக்குள் நீந்திப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளே போகாது. நீங்கள் படித்தது சரி. உள்ளே போவது அது கக்கும் நஞ்சு. ஆறு துண்டுகள் சேர்ந்த புரதம் அது. ஐந்து துண்டுகள் வளையமாகக் கூடிக் குடல் செல்லின் மேல்தோலைப் பிடித்துக்கொள்ள, ஆறாவது துண்டின் ஒரு பகுதி மட்டும் செல்லுக்குள் இறங்குகிறது. உள்ளே, சுரப்பதற்கு உத்தரவு கொடுக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. சாதாரணமாக அது போட்டதும் சில நொடிகளில் தானே அணைந்துவிடும். நஞ்சு அதை அணையவிடாமல் பூட்டிவிடுகிறது. குளோரைடு வெளியேறும் வாசல் திறந்தபடியே கிடக்கிறது. குளோரைடின் பின்னால் சோடியம் போகும், இரண்டின் பின்னால் தண்ணீர் போகும். உப்பைத் திரும்ப உறிஞ்சும் வழக்கமான வழியும் அதே நேரத்தில் அடைபடுகிறது. கவனியுங்கள், செல் சாகவில்லை, குடலில் புண் இல்லை. அதனால்தான் சீதபேதிபோல ரத்தம் வருவதில்லை, பெரும்பாலும் காய்ச்சலும் இருப்பதில்லை. வருவது அரிசி களைந்த கழுநீர்போன்ற தண்ணீர், அதில் மிதக்கும் சிறு சளித் துணுக்குகள், லேசான மீன் வாடை. பாடப்புத்தகத்திலும் அதற்கு அரிசித் தண்ணீர் மலம் என்றுதான் பெயர்.

இப்போது சாவின் கணக்கு. கடுமையாகத் தாக்கப்பட்ட பெரியவருக்கு மணிக்கு 1 லிட்டர் வரை போகலாம். 60 கிலோ எடையுள்ள ஆள் 6 லிட்டர் இழந்தால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் நாடி கைக்கு அகப்படாது. ஆறு மணி நேரத்தில் ஒருவர் அங்கே போய்ச் சேரலாம். கண் குழிவிழும். குரல் கம்மி, உதடு அசைவது மட்டும் தெரியும். விரல் நுனிகள் நாள் முழுக்கத் துணி துவைத்த கைபோலச் சுருங்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். தண்ணீரோடு பொட்டாசியமும் போவதால் கெண்டைக்கால் முறுக்கிப் பிடிக்கும், இதயத் துடிப்பு தப்பும். ரத்தத்தின் புளிப்பைச் சமன்செய்யும் பைகார்பனேட் போவதால் ரத்தம் புளித்து, ஆள் ஆழமாக மூச்சிழுப்பார். இவ்வளவுக்கும் பல பேருக்குக் கடைசி வரை நினைவு இருக்கும். அதுதான் எனக்கு இந்த நோயில் தாங்க முடியாத விஷயம். சாயங்காலம் வயலிலிருந்து வந்தவர் விடியலுக்குள் போனார் என்று உங்கள் அப்பத்தா சொல்வதில் மிகை எதுவும் இல்லை. கடுமையாகத் தாக்கப்பட்டுச் சிகிச்சை இல்லாமல் விட்டால் பாதிப்பேர் வரை இறப்பார்கள். சரியாகச் சிகிச்சை கொடுத்தால் நூறில் ஒருவர்கூட இறப்பதில்லை. இத்தனை பெரிய இடைவெளி வேறு எந்தக் கொள்ளை நோயிலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கிருமி உள்ளே போகிற எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அல்லது லேசான பேதியோடு போய்விடும். ஆனால் அவர்கள் மலத்திலும் சில நாட்களுக்குக் கிருமி வெளியேறும்.

கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆய்வகத்தில் அது தன்னை அடையாளம் காட்டுவதே ஓட்டத்தால்தான். சந்தேகமான மாதிரியைக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்) கூடிய பெப்டோன் நீர் என்ற வளர்ப்புக் கரைசலில் போட்டு 37 டிகிரியில் ஆறேழு மணி நேரம் வைப்போம். மற்ற குடல் கிருமிகள் திணறும் அந்தக் காரத்தில் இது செழித்து மேலே மெல்லிய ஏடாகப் படியும். அந்த ஏட்டிலிருந்து ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தொங்கவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இருட்டில் எரிநட்சத்திரங்கள் விழுவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பாயும். உரிய எதிர்சீரம், அதாவது அந்தக் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் உள்ள ரத்தநீர், ஒரு துளி சேர்த்ததும் அத்தனையும் நின்றுவிடும். அந்த நிசப்தத்தை முதன்முதலில் பார்த்த அன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்து என் மேலதிகாரியைக் கூப்பிடப் போனேன், கால் தரையில் பாவவில்லை. மறுநாள் காலை பச்சை நிற வளர்ப்பு ஊடகத்தில் மஞ்சள் திட்டுகளாக வளர்ந்திருந்தது. சர்க்கரையை உடைத்து அமிலமாக்குவதால் அந்த மஞ்சள். ஒரு திட்டை எடுத்துப் பித்த உப்புக் கரைசலில் குழைத்துக் கம்பியைத் தூக்கினால் பாகு பதம் பார்ப்பதுபோல நூல் இழுபடும். பாகுபதம் தெரிந்த எவரும் அந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

இதன் சொந்த ஊர் மனிதக் குடல் அல்ல. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகங்கள். அங்கே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்தும் சிறு மிதவை உயிரிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. இந்த இனத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஊரை வாரிக்கொண்டு போகும் அளவுக்குப் பரவியவை ஓ1, ஓ139 என்ற இரண்டுதான். நஞ்சு செய்யும் மரபணுகூடக் கிருமியின் சொந்தச் சொத்து இல்லை. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது என்று 1996-இல் வால்டரும் மெக்கலனோஸும் காட்டினார்கள். இவை உறுதியானவை. ஆனால் இந்த நஞ்சால் கிருமிக்கு என்ன லாபம் என்று கேட்டால், பேதியால் தன்னைக் கோடிக்கணக்கில் தண்ணீருக்குள் பரப்பிக்கொள்கிறது என்று சொல்வார்கள். பொருத்தமாகத்தான் படுகிறது, இருந்தாலும் அது ஊகம், நிரூபணம் அல்ல.

நஞ்சுதான் காரணம் என்பது தெரியவே நீண்ட காலம் ஆனது. 1854-இல் ஃபிளாரன்ஸில் பாச்சினி இந்தக் கிருமியைப் பார்த்து எழுதினார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். நஞ்சு ஒன்று இருக்க வேண்டும் என்றும் நினைத்தார். பின்னால் வந்தவர்கள் அந்த நஞ்சைப் பிராணிகளின் ரத்தத்திலும் வயிற்று அறையிலும் ஏற்றிப் பார்த்துத் தோற்றார்கள். தேட வேண்டிய இடம் குடலின் உள்பக்கம் என்று பிடித்தவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவில் கிருமியை ஊசியால் செலுத்திக் குடலைத் திரும்ப உள்ளே வைத்துத் தைத்தார். மறுநாள் திறந்தால் கட்டிய இடம் மட்டும் கழுநீர் நிறைந்து உப்பியிருந்தது. இது 1953. கிருமியை வடிகட்டி நீக்கிவிட்டு அது வளர்ந்த சாற்றை மட்டும் செலுத்தினாலும் குடல் அதேபோல உப்பும் என்று 1959-இல் காட்டினார். கட்டுவதற்கு நூலும் ஒரு முயலும் போதுமாயிருந்த அந்தச் சோதனை, உங்கள் கேள்விக்கான விடையைத் தொடக்கி வைத்தது. டேயின் பெயர் நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் போதிய அளவு இல்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

சரி, சர்க்கரைத் தண்ணீருக்கு வருவோம். ஸ்விட்ச் பூட்டிக்கொண்டதால் உப்பை உறிஞ்சும் வழக்கமான வழி அடைந்துவிட்டது என்றேன். ஆனால் குடல் செல்லில் இன்னொரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் சோடியம் தனியாகப் போனால் அனுமதி இல்லை, குளுக்கோஸைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இந்த வாசல் நஞ்சு பூட்டிய ஸ்விட்சுக்குக் கட்டுப்பட்டது அல்ல. காலரா உச்சத்தில் இருக்கும்போதும் திறந்தே இருக்கும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்து உள்ளே போகும்போது தண்ணீர் கூடவே போகிறது. குடிக்கும் சர்க்கரை இங்கே தெம்புக்காக இல்லை, உப்பை உள்ளே அழைத்துப்போகத்தான். அதனால் அளவு முக்கியம். இப்போதைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 1 லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். கடைசி இரண்டும் முன்னே சொன்ன பொட்டாசிய இழப்புக்கும் ரத்தப் புளிப்புக்கும். சர்க்கரையைக் கூட்டிப் போட்டால் நல்லது என்று நினைத்து அள்ளிப் போட்டால், உறிஞ்சப்படாத சர்க்கரை குடலில் நின்று உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை இழுக்கும். குளிர்பானமும் பாக்கெட் பழச்சாறும் பேதியைக் கூட்டுவது இதனால்தான். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இந்தத் தண்ணீர் பேதியை நிறுத்தாது. ஓட்டையை அடைப்பதில்லை, ஓட்டையில் போவதற்கு ஈடாக நிரப்பிக்கொண்டே இருக்கிறது. குடல் செல்கள் சில நாட்களில் உதிர்ந்து புதிதாக முளைப்பவை. பூட்டிய ஸ்விட்ச் பழைய செல்லோடு போய்விடும். அதுவரைக்கும் ஆள் தாக்குப்பிடித்தால் பிழைத்தார்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மருத்துவர்கள் நம்பத் தயங்கினார்கள். பேதிக்காரர் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலப் பாடம். 1968-இல் டாக்காவில் நேலின், கேஷ் என்ற இரு மருத்துவர்கள், போகிற அளவை அளந்து அதே அளவு குடிக்கக் கொடுத்தால் நரம்பில் ஏற்றும் சலைனின் தேவை பெருமளவு குறையும் என்று காட்டினார்கள். நடுவில் ஓட்டை போட்ட கட்டில், அடியில் அளவு குறித்த வாளி. வாளியில் எவ்வளவோ அவ்வளவு குவளைக்கு. அதற்கு மூன்று வருடம் கழித்து வங்கதேசப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். மேற்கு வங்க எல்லையோர ஊரான பங்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். அங்கே சிகிச்சை கொடுத்த மருத்துவர் திலீப் மகலனாபிஸிடம் சலைன் தீர்ந்துபோய்க்கொண்டிருந்தது. குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று கல்கத்தாவில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, குழாய் வைத்த டிரம்களில் கலந்து வைத்தார். ஊற்றிக் கொடுத்தது நர்சுகள் இல்லை. நோயாளியின் அம்மா, அண்ணன், பக்கத்துப் பாயில் இருந்தவர். 30 சதவீதமாக இருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்று, அது போர்க்காலத்து அவசர வேலை; ஒரு பாதிக்குக் கொடுத்து மறுபாதிக்குக் கொடுக்காமல் ஒப்பிட்ட ஆராய்ச்சி அல்ல. ஆனால் பிறகு நாடு நாடாக வந்த அனுபவம் அவர் பக்கம்தான் நின்றது.

ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டாக்சிசைக்ளின் போன்றவை பேதியின் அளவையும் நாட்களையும் குறைக்கும். கடுமையான நோய்க்கு மருத்துவர் கொடுப்பார். உயிரைக் காப்பது தண்ணீர்தான், மாத்திரை அதற்குத் துணை. குடலின் ஓட்டத்தை நிறுத்தும் மாத்திரையைக் காலராவில் கொடுக்கக் கூடாது. தடுப்பு மருந்தும் இருக்கிறது, வாயில் ஊற்றுவது, சில வருடப் பாதுகாப்பு தரும். குடிதண்ணீரைச் சரிசெய்யாமல் அதை மட்டும் நம்ப முடியாது.

சந்தேகத்துக்கு இடமுள்ளவற்றையும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். ஓ ரத்த வகைக்காரர்களுக்கு நோய் கடுமையாக வருகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. ஏன் என்பதற்குச் சொல்லும் விளக்கங்கள் இன்னும் ஒருமுகப்படவில்லை. 1992-இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 வகை வங்கம் வரை பரவி, அடுத்த உலகத் தொற்று இதுதான் என்று பலரும் பயந்தபோது, சில வருடங்களில் ஒதுங்கிப் பழைய ஓ1-க்கே இடம் விட்டது. அது ஏன் ஒதுங்கியது என்பதும் விவாதமாகவே இருக்கிறது. அப்புறம், உங்கள் அப்பத்தா ஊரில் நடந்தது. ராத்திரியோடு ராத்திரியாகப் பெரியவர்களும் செத்தார்கள் என்பதை வைத்துக் காலரா என்று நினைக்கப் பலமான காரணம் இருக்கிறது. மற்ற பேதிகள் குழந்தைகளைக் கொல்லும், திடமான பெரியவர்களை இவ்வளவு வேகத்தில் கொல்வது அபூர்வம். ஆனாலும் மலத்தைச் சோதிக்காமல் உறுதி சொல்ல முடியாது. வாந்திபேதி என்ற ஒரே பெயரில் பல நோய்களை நம் ஊர் சேர்த்து அழைத்தது. ‘கழிச்சல்ல போவான்’ என்று இன்றைக்கும் யாரையாவது திட்டினால், அந்தப் பயத்தின் மிச்சம் அதில் இருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா உறுதியாகி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். சாக்கடையும் குடிதண்ணீர்க் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போகும் தெருவில் குழாய் விரிசல் விட்டால் இது எந்த ஊருக்கும் வரலாம். எங்கள் ஆய்வகத்துக்கும் ஒரு முறை ஒரே தெருவிலிருந்து நான்கு மாதிரிகள் அடுத்தடுத்து வந்தன. நாலாவது புட்டியில் கொஞ்சமும் நிறமில்லாத தண்ணீர், அடியில் வெள்ளைத் துணுக்கு. மலம் என்று சீட்டில் எழுதியிராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். குழாயை நோண்டிப் பார்த்துச் சரிசெய்யும்படி நாங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வர ஒன்பது நாள் ஆனது. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. கிருமியைக் கொல்ல குளோரின் போதும், தண்ணீர் ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தாலும் போதும். அவ்வளவு பலவீனமான எதிரி.

கடைசியாக, வீட்டில் நம்பலாமா? நம்பலாம், ஆள் குடிக்கிற நிலையில் இருக்கும்வரை. பேதி தொடங்கியதுமே ஆரம்பியுங்கள், நாக்கு வறளும்வரை காத்திருக்க வேண்டாம். பெரிய பொட்டலத்தை முழுசாக 1 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். பாதியை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உப்பு ஏறிப்போய்க் குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். பொட்டலம் இல்லையென்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. வாயில் வைத்துப் பாருங்கள், கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. அரிசி மாவு மெதுவாகக் குளுக்கோஸாக உடைவதால், அரிசி சேர்த்த கரைசல் காலராவில் பேதியின் அளவையே குறைத்ததாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் குடிக்க முடிந்த மட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு ஸ்பூனால் மெல்ல மெல்லக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆள் துவண்டு மயங்கினாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, சிறுநீர் நின்றாலோ, கிள்ளிய தோல் மடிப்பாகவே நின்றாலோ வீட்டில் வைத்துப் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. விழுங்க முடிந்தால் வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அங்கே ‘குளுக்கோஸ் ஏத்துங்க’ என்று கேட்க வேண்டாம். வெறும் குளுக்கோஸில் உப்பு இல்லை. இந்த நோய்க்கு ஏற்றுவது ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல், அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் கலந்து மீந்த கரைசல் 24 மணி நேரத்துக்குத்தான். அதற்கு மேல் ஆனால் கொட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிப் புதிதாகக் கலக்குங்கள்.